சின்ன கியர்

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா போன் செய்தார். மழை இல்லை, நண்டு விலை, பக்கத்து வீட்டு ஆடு நம் முருங்கையைக் கடித்தது என்று பத்து நிமிடம் பேசினார். வைக்கப் போகிற நேரத்தில், "ஜிப்சியக் குடுத்துரலாம்னு இருக்கேன்த்தா" என்றார். அதே மூச்சில் "சரி, வச்சிரவா?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும்விட்டார்.

அப்பாவுக்கு 74 வயது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் நாற்பது வருடம் விசைப்படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். முக்கியமான விஷயங்களைக் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுதான் அவர் வழக்கம். என் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான், ஒரு கேஸ்கட்டைத் துடைத்துக்கொண்டே. அதனால் இது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாருதி ஜிப்சி. 1996 மார்ச் பதிவு. 970 சிசி, நாலு கியர், கேன்வாஸ் கூரை, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு சீட்டு. இந்த வண்டியை மாருதி 1985 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது. சுஸுகி ஜப்பானில் செய்துகொண்டிருந்த எஸ்ஜே410 என்ற சின்ன ஜீப்பைக் கொஞ்சம் நீட்டிச் செய்தது. 1996-இல் 1300 சிசி என்ஜினோடு ஜிப்சி கிங் வந்தது. எங்களுடையது அதற்கு முந்திய ரகம். பவரும் குறைவு, சத்தமும் குறைவு. அப்பா இதை 1999-இல் கம்பம் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டக்காரரிடம் வாங்கினார். ஊரில் எல்லோரும் டீசல் ஜீப் வாங்கச் சொன்னார்கள். "நாள் பூரா டீசல் என்ஜினுக்கு நடுவுல நிக்கிறவன், வீட்டுக்குப் போறப்பவும் அந்தச் சத்தத்தையா கேக்கணும்?" என்று இதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது அதுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சின்ன கியர். தம்பியும் நானும் பள்ளி வயதில் அதைத் தொட்டால் அடி விழும். தொடாமலும் இருந்ததில்லை.

வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், வடகடல் பக்கம். தார் ரோட்டிலிருந்து இறங்கினால் முக்கால் கிலோமீட்டர் மணல் பாதை, இருபுறமும் பனை, அதற்கு இடையில் சீமைக் கருவேலம். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நிலம் என்பது இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு நாடா மாதிரி ஓடுவது. வாடை அடித்தால் வடகடல் உப்பு, கச்சான் அடித்தால் தென்கடல் உப்பு. இரும்புக்கு விடுமுறையே கிடையாது. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் தகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கும். மதுரையில் முப்பது வருடம் ஓடுகிற வண்டி இங்கே அதில் பாதிக் காலத்திலேயே பல்லைக் காட்டும். இருபத்தாறு வருடமாக இந்த வண்டி நின்று பிடித்ததற்குக் காரணம், வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா அதன் அடியில் பூசுகிற கலவை. பழைய என்ஜின் ஆயிலும், மர வல்லத்துக்குத் தேய்க்கிற மீனெண்ணெயும் கலந்தது. பூசிய பிறகு ஒரு மாதத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கும்.

சரி, வண்டி போகட்டும். அப்பாவை எப்படித் தடுப்பது?

அடுத்த வாரமே மதுரையிலிருந்து கிளம்பிப் போனேன். எடுத்த எடுப்பில் தப்பான ஆயுதத்தைத்தான் எடுத்தேன். பழைய கதை.

2003-இல் ஒன்பது பேர் இந்த வண்டியில் தனுஷ்கோடி போனோம். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மணலும் சேறும். வாடகை வேன்கள்தான் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அப்பா இறங்கி, முன் சக்கரங்கள் இரண்டிலும் ஹப் லாக்கை, அதாவது அவற்றை என்ஜின் இழுவையோடு பிணைக்கிற பூட்டை, திருகி, காற்றைக் குறைத்து, சின்ன கியரைப் போட்டு, எங்களைப் பார்த்து "கம்பியப் பிடிச்சுக்கங்க" என்றார். பாதி வழியில் ஒரு வேன் அச்சு வரை புதைந்து கிடந்தது. படகுக் கயிற்றைக் கட்டி அதை இழுத்துவிட்டார். அந்த வேனில் இருந்த வடநாட்டு யாத்திரிகர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். என் அப்பாவுக்காக யாரோ கைதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டருக்குப் புது ரோடு திறந்தார்கள். இப்போது எந்தக் காரும் போகலாம். அப்பா அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. "ரோடு போட்டப்புறம் அங்க என்ன இருக்கு?"

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் நடந்து முடிஞ்சதுத்தா. வண்டிய வித்துட்டா அது நடக்கலன்னு ஆயிருமா?"

இதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. பழைய பொருளை வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் எல்லோரும் எடுத்தவுடன் நினைவைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், நானும் அப்படித்தான் போனேன். வண்டியோடு இருபத்தாறு வருடம் மல்லுக்கட்டின ஆளிடம், பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் அதன் அருமையை எடுத்துச் சொன்னால் அவர் வேறென்ன சொல்வார்?

இரண்டாவது ஆயுதம் கணக்கு. நான் வங்கியில் இருப்பவள், இதில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா சொன்ன முதல் காரணமே ஆர்.சி. புதுப்பிக்கிற செலவுதான். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 2021-இல் அப்பா கட்டிய கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஒன்றிய அரசு உயர்த்தியது. பசுமை வரி தனி. எங்கள் வண்டிக்குக் கெடு 2026 மார்ச். "அறுநூறு எங்க, பத்தாயிரம் எங்க? வயசாயிருச்சு, வீட்டுக்குப் போன்னு சொல்றதுக்கு இது ஒரு மரியாதையான வழித்தா" என்றார். வண்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பத்தாயிரத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் இரண்டாயிரம். வருடத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்குப் பத்து என்றால் 150 லிட்டர், பதினைந்தாயிரம் ரூபாய். ஒரு டாக்ஸியில் மாதம் இரண்டு தடவை ராமநாதபுரம் போய் வந்தாலே இதைவிட அதிகம் ஆகும்.

அப்பா காகிதத்தை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே பென்சிலால் எழுதினார். டயர். பேட்டரி. பின்பக்கத் தளம் டிங்கரிங். பெட்ரோல் குழாய். கடைசி வரியைச் சுட்டிக்காட்டி நிறுத்தினார். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்து உப்பச் செய்கிறது. கூடவே ஈரத்தையும் இழுக்கிறது. வண்டி இரண்டு வாரம் நின்றால் கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. அவர் ஏற்கெனவே எல்லாக் குழாயையும் கழற்றிவிட்டு, படகு அவுட்போர்டு என்ஜினுக்குப் போடுகிற குழாயை வாங்கிப் போட்டிருந்தார். "இது அடிக்கடி ஓடணும். இல்லேன்னா உள்ளுக்குள்ள அழுகும். எங்க ஓட்டுறது? யாரு ஓட்டுறது?" கணக்கில் அவர்தான் ஜெயித்தார்.

துபாயில் இருக்கும் தம்பியும் அவர் பக்கம். "அக்கா, அந்த வண்டியில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, பின் சீட்டுல பெல்ட் இல்ல. பவர் ஸ்டியரிங் கூட இல்ல. எழுபத்தி நாலு வயசு ஆளு ஓட்டுற வண்டியா அது?" அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் மாற மாறத்தான் ஜிப்சியே 2018-19 வாக்கில் ஷோரூமை விட்டுப் போனது. இதை எழுதும்போதும், அந்த வண்டி பத்திரமானது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு புரோக்கர் வாட்ஸப்பில் படங்கள் கேட்டிருந்தார். இந்த மாதிரிப் பழைய ஜிப்சிக்கு மலையேற்றப் பிரியர்கள் நடுவில் நல்ல மவுசு. ஒன்றே முக்கால் லட்சம் வரை போகும் என்றாராம். எல்லாம் முடிந்த மாதிரிதான்.

அன்று சாயங்காலம் அம்மா கொல்லைப்புறத்தில் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு அந்த வண்டி என்றைக்குமே பிடித்ததில்லை. அதன் ஸ்பிரிங் பட்டை போடுகிற குலுக்கலில் தன் இடுப்பு போனது என்பது அவள் கட்சி. விற்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஆடியில ராம்நாட்டுல ஒரு நிச்சயதார்த்தம் போயிட்டு ராத்திரி வந்தோம். எதுக்க வந்த பஸ்ஸு வெளிச்சம் அடிச்சதுல ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. சைக்கிள்ல ஒரு பய போயிருக்கான். கடைசி நிமிசத்துல ஒடிச்சாரு. வண்டி போயி மட்டைக் குமியில ஏறி நின்னுச்சு. பயலுக்கு ஒண்ணுமில்ல. நடுங்கிப்போனான். இவரு அதுக்கு மேல நடுங்கினாரு. அப்பறம் ராத்திரி வண்டிய எடுக்கவே இல்ல. எங்கிட்ட கண்ணுல தூசின்னாரு. தூசியாம்."

ஆடிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் என்னோடு வாரம் ஒரு தடவை பேசியிருக்கிறார். நண்டு விலை சொன்னார். ஆட்டைப் பற்றிச் சொன்னார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அவர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டேன். மறுக்கவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கும் துருவிய தேங்காய்ப்பூ மாதிரி விரிகிறது என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "என்னைக்காவது ஒரு நா நீயோ தம்பியோ வந்து, சாவியக் குடுங்கப்பான்னு கேப்பீக. கேக்கத்தான் செய்யணும், தப்பில்ல. அந்த நா வர்றதுக்குள்ள நானே வண்டியக் குடுத்துட்டேன்னா முடிஞ்சுது."

பத்தாயிரம் ரூபாயும் எத்தனாலும் டிங்கரிங்கும் இதற்கு மேல் போர்த்திய துணிதான். எனக்குக் கோபமாகவும் வந்தது. ஒரு கண் புரைக்கு வண்டியை விற்கிற ஆளை என்ன செய்வது? ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் புரிந்தது. "விற்காதீர்கள்" என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவர் காதில் அது "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள், அப்புறம் நாங்கள் பிடுங்கிக்கொள்கிறோம்" என்றுதான் விழுந்திருக்கும்.

அதனால் அந்தப் பேச்சையே விட்டேன். "சரிப்பா, குடுத்துருவோம். அவசரமில்ல. முதல்ல கண்ணப் பாத்துருவோம்" என்றேன். "வண்டிக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். இல்லவே இல்லை என்றேன்.

நவம்பரில் மதுரையில் வலது கண், மூன்று வாரம் கழித்து இடது கண். அப்பா டாக்டரிடம் புது லென்ஸ் என்ன பொருள், எத்தனை வருடம் உழைக்கும், எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டுக் கேட்டு, டாக்டரே கொஞ்சம் திணறிப்போனார். ஊரில் விசாரிக்க வந்தவர்களிடம் "வால்வு சீட்டு மாத்துற மாதிரிதான். பழசக் கழட்டிட்டுப் புதுச வைக்கிறது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். புரை என்பது கண்ணுக்குள்ளேயே மெல்ல மெல்லப் பழுப்பேறுகிற கண்ணாடி. எடுத்த பிறகுதான் இத்தனை நாள் எவ்வளவு மஞ்சளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியும். அம்மாவின் நீலப் புடவையை இத்தனை நாளும் பச்சை என்று நினைத்திருந்தாராம்.

அப்புறம் ஜிப்சியைப் பார்த்தார்.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை ஆறு மணிக்குப் போன். குரலில் அப்படி ஒரு கோபம். "பின் சக்கரத்துக்கு மேல தகரம் ஓட்டையா இருக்கு. கதவுக்குக் கீழ பொரிஞ்சு கெடக்கு. இவ்வளவு துரு இருக்கு, வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல!" எனக்குத் தெரிந்து அந்த ஓட்டை இரண்டு வருடமாக இருக்கிறது. அவருக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வண்டியைத் துளி விடாமல் பார்த்துக்கொள்கிறார் என்று ஊரே சொன்ன ஆள், இரண்டு வருடமாகக் கையால் தடவித் தடவியே பார்த்திருக்கிறார் போல.

"புரோக்கர் எப்பப்பா வர்றாரு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"இந்த லட்சணத்துல எவன்கிட்டயாவது குடுக்க முடியுமா? மெக்கானிக்கு வண்டின்னு சொல்லி வாங்குவான். கீழ குனிஞ்சு பாத்துட்டுக் காறித் துப்பமாட்டான்?"

"அப்ப சரி பண்ணிட்டே குடுப்போம்."

"பண்ணிட்டுத்தான் குடுக்கணும்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ராஜதந்திரம் இதுதான். அன்றிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. விற்பனைக்குத் தயார் செய்கிறோம், அவ்வளவுதான். பொங்கலுக்கு நான் போனபோது சீட்டு, தரை விரிப்பு, பெட்ரோல் டேங்க் எல்லாம் திண்ணையில் இருந்தன. வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டி அதன் அடியில் படுத்திருந்தார். அவருடைய பழைய சிஷ்யர் ஒருவர் வெல்டிங் மெஷினோடு வந்திருந்தார். பெரிய பெரிய படகு முதலாளிகள் போன் செய்தால் எடுக்காதவர், "அண்ணே, அந்தத் துண்டத் தட்டிட்டேண்ணே, சரியா பாருங்க" என்று வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே ஒரு காரியம் எனக்கும் கிடைத்தது. ஆர்.சி. புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்குச் சேசிஸ் நம்பரைத் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். இரும்புச் சட்டத்தில் குத்தியிருக்கும் அந்த எண் மேல் துரு பூத்து, பாதி எழுத்து தெரியவில்லை. உரமாகத் தேய்த்தால் எண்ணே போய்விடும். எண் போனால் வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனாதை. அப்பா என்னை உள்ளே வரச் சொன்னார். பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். மீனெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒட்டி வைத்துவிட்டு, ஊறட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தார். இரண்டு பேரும் மல்லாந்தபடியே தை வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். பிறகு தேய்ந்துபோன உப்புத்தாள், அதையும் விரலில் சுற்றி, கோடு போன திசையிலேயே மெதுவாக. எழுத்து ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. காய்ந்த பிறகு பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, மேலே செலோடேப்பை ஒட்டி, ஒரே இழுப்பில் உரித்தார். எல்லா இலக்கமும் வந்திருந்தது. "பாத்தியா" என்று என் கையில் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டினார்.

நானே எதிர்பார்க்காமல் அந்த வாய்ப்பு அப்போது வந்தது. "அப்பா, எனக்கு மணல்ல ஓட்டக் கத்துக் குடுங்க."

நான் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஆனால் ஜிப்சியை வீட்டு வாசலைத் தாண்டி ஓட்டியதில்லை. தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார், எனக்கு இல்லை. நான் கேட்கவும் இல்லை. அப்பா ரொம்ப நேரம் டயரைப் பார்த்தார். "எறக்குனப்புறம் பாப்போம்."

வண்டி மாட்டுப் பொங்கலன்று தரையிறங்கியது. மறுநாள் விடிகாலையில் மீன் வாடிக்குப் போகிற மணல் தடத்தில் நிறுத்தினார். இறங்கு என்றார். முதல் பாடம் காற்று. வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்து, வால்வு மூடியைத் திறந்து, நடு ஊசியை முள்ளால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எந்த முள்ளுக்குப் பயந்து வருடத்துக்கு ஆறு பஞ்சர் ஒட்டுகிறோமோ அதே முள். 26-இல் இருந்த காற்றைப் பதினைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டயர் அடியில் லேசாகப் பிதுங்கும், மணலில் அது பாதம் மாதிரி அகலமாக உட்காரும். அப்பா மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. கட்டை விரலால் அழுத்தி, "இன்னும்" என்பார். இன்னும். போதும்.

அப்புறம் இரண்டு முன் சக்கரத்திலும் ஹப் லாக்கைக் கையால் திருக வேண்டும். அப்புறம்தான் சின்ன கியர். நாற்பத்திரண்டு வயதில், அடி விழாமல், நான் அதைப் பிடித்து இழுத்தேன். உள்ளே எங்கோ ஒரு பல் இன்னொரு பல்லில் போய் உட்கார்கிற சத்தம் கேட்டது.

மணலில் ஓட்டுவது ரோட்டில் ஓட்டுவதற்கு நேர் எதிர். பிரேக்கை மிதிக்கக் கூடாது, மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் தானே ஒரு மேடு கட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கை வெட்டக் கூடாது. வேகம் குறைகிறது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் தோண்டிக்கொண்டு கீழே போகும். போகவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டும், வந்த தடத்திலேயே பின்னால் உருட்ட வேண்டும். இவ்வளவையும் அவர் சொன்னது நான் மூன்று தடவை புதைத்த பிறகு. முதல் தடவை பேசாமல் இறங்கிப் போய் இரண்டு பனை மட்டை எடுத்து வந்து டயருக்கு அடியில் கொடுத்தார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை வாடிக்குப் போன ஒரு பெரியவர் நின்று, "என்ன மாமா, மகளுக்குப் பாடமா?" என்றார். "இல்லப்பா, வண்டி விக்கப் போறோம். வாங்குறவனுக்குக் காட்டணும்ல, அதான் பழகுது" என்றார் அப்பா. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. ராஜதந்திரத்தை நான் யாரிடமிருந்து கற்றேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலாவது தடவை பனங்காட்டைத் தாண்டி, வாடி வரைக்கும் நிற்காமல் போனேன். திரும்பி வரும்போது கேன்வாஸைச் சுருட்டிவிட்டிருந்தோம். அப்பா இடப்பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தார். இத்தனை வருடத்தில் இந்தப் பாதையில் அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்ததே இல்லையாம். "இந்தப் பக்கத்துல இவ்வளவு தாழை இருக்கா?" என்றார்.

பிப்ரவரியில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இருவரும் போனோம். பத்தாயிரத்தையும் அவரே கட்டினார், நான் நீட்டியதை வாங்கவில்லை. லைசென்ஸையும் கூடவே புதுப்பித்தோம். 55 வயதுக்கு மேல் ஐந்து ஐந்து வருடம்தான் தருவார்கள், டாக்டர் சர்டிபிகேட்டோடு. கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை யாரும் கேட்காமலே வாசித்துக் காட்டினாராம். ராத்திரி ஓட்டுவதில்லை, ஹைவேயில் உச்சிப்புளியைத் தாண்டுவதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். நான் கேட்கவில்லை, சத்தியமாக. தூரமான ஓட்டத்துக்கு, வாரம் விட்டு வாரம் நான் போகிறபோது என் முறை. தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் கவலை நியாயமானது. பின் பெஞ்சில் குழந்தைகளை ஏற்றுவதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாவிக் கடையில் நிறுத்தச் சொன்னார். கூலிங் கிளாஸோடு போய் நின்று, ஒரு மாற்றுச் சாவி வெட்டி வாங்கி வந்து என் மடியில் போட்டார். "புது மாதிரி சாவி வெட்டக் கத்துருக்கான் பய, நல்லா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையில். அப்பா தினமும் காலையில் ஜிப்சியில் மண்டபம் போய், யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொரு படகு என்ஜினையும் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வருகிறார். கோயம்புத்தூர் புரோக்கர் நடுவில் ஒரு தடவை கூப்பிட்டாராம். "வேலை இன்னும் முடியல தம்பி" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று காலை ஆறு மணிக்குப் போன். நண்டும் இல்லை, ஆடும் இல்லை, நேராக விஷயம். "பேனா எடுத்துக்க. பெட்ரோல் பம்ப் டயாப்ரம் ஒண்ணு. பின் ஸ்பிரிங்குக்கு புஷ் எட்டு. கதவு ரப்பர் ரெண்டு பக்கமும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப் கெடச்சா எடு, இல்லேன்னா விடு. வெளக்குத்தூண் பக்கம் ரெண்டு கடையில வெலை கேளு. ஒரிஜினல் கேளு, டூப்ளிகேட்ட வாங்கிட்டு வந்துராத. சரி, வச்சிரவா?"